உம் கொட்டும்வரை நின்றவர்

பஸ்ஸில் ஏறும்போது ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "பாலத்து ஸ்டாப்புல நிக்குமாங்க?" என்று கேட்பார். கண்டக்டருக்கு அவரை நன்றாகத் தெரியும். தினமும் கடத்தூரில் ஏறுகிறவர், தினமும் அதே ஸ்டாப்பில் இறங்குகிறவர். "ஏறுங்க டீச்சர், போலாம்" என்பார் கண்டக்டர். கேட்டதற்கு அது பதில் இல்லையே. படியில் வைத்த கால் அங்கேயே இருக்கும். பின்னால் தக்காளிக் கூடையோடு நிற்கிற பெண்கள் முனகுவார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்ப்பார். "நிக்கும் தாயே, நிக்கும், நிக்காம எங்க போவப்போவுது" என்று கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் இரண்டாவது காலும் மேலே ஏறும். முகத்தில் கோபம் இருக்காது. பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிள்ளைகளே, இது எங்கள் ஊர் பால்வாடி டீச்சரைப் பற்றி. பால்வாடி என்றால் ஒன்றாம் வகுப்புக்குப் போகாத சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் இடம். ஓடு போட்ட ஒரே அறை. பின்னால் ஒரு சமையல் கொட்டகை. டீச்சருடைய பெயரை நான் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானாக ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒல்லியாக, உயரமாக இருப்பார். நிற்கும்போது கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும். ஊர் வாய் சும்மா இருக்குமா? கொக்கு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் உண்டு.

ஒரு ஆடி மாதம் பால்வாடி ஓடு ஒழுகியது. பிரசிடெண்ட் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். "ஆகட்டும், பாக்கலாம்" என்றார் பிரசிடெண்ட். வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்கள். இவர் மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்றுகொண்டார். பிரசிடெண்ட் சாப்பிட்டார், படுத்தார், எழுந்தார். எழுந்து வந்து பார்த்தால் இவர் அதே இடத்தில் நிற்கிறார். "இன்னும் போகலியாம்மா?" என்று கேட்டாராம். "என்னைக்குன்னு சொல்லலீங்களே" என்றாராம் டீச்சர். வெள்ளிக்கிழமை என்று வாயில் வந்ததும் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அந்த வெள்ளிக்கிழமை ஓடு வந்துவிட்டது. அந்தப் பெண் நிற்பதைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை என்று பிரசிடெண்டே டீக்கடையில் சொன்னார்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் தவறிவிட்டது. பதினைந்து நாள் கழித்து அந்தப் பெண் குழாயடிக்கு வந்தாள். எல்லாரும் "எப்படி இருக்க?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். டீச்சரும் கேட்டார். கேட்டுவிட்டு நின்றார். அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்து, மண்ணில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். ஆறிவருகிற புண்ணைக் கிளறிவிட்டாள் என்று அவள் மாமியார் டீச்சரை வாய்க்கு வந்தபடி பேசினாள். எனக்கும் அன்று அவர்மேல் ஒருவிதமான பயம் வந்தது. அவர் எதிரே வந்தால் வேகமாக நடப்பேன், ஏதாவது கேட்டுவிடுவார் என்று.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். ஊரில் பாதி வீடு அப்படித்தான். என் மகள் மூன்று வயது வரை இரண்டு மொழியிலும் பேசவில்லை. வேண்டியதைக் கையால் காட்டுவாள், நாங்கள் எடுத்துக் கொடுப்போம். பால்வாடியில் சேர்த்த முதல் நாள் தண்ணீர்ப் பானையைக் காட்டினாள். டீச்சர் டம்ளரில் மொண்டு கையில் வைத்துக்கொண்டு, அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, "பாப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் உதடு நடுங்கியதும் கொடுத்துவிட்டார். அடுத்த நாளும் இப்படித்தான். அதற்கடுத்த நாளும். தாகத்தில் தவிக்கவிடுகிறாள் என்று என் மனைவி சண்டைக்குப் போகப் பார்த்தாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, என் மகள் "நீள்ளு" என்றாள். தெலுங்கில் தண்ணீர் என்று அர்த்தம். "நீள்ளா கண்ணு? இந்தா, தண்ணி" என்று டீச்சர் கொடுத்தார். தண்ணி என்று திருப்பிச் சொல்லு என்று அவர் கேட்கவில்லை.

என் மனைவி சந்தோஷப்பட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீள்ளு என்று சொன்னது மனதில் முள்ளாக நின்றது. அதற்குக் காரணம் உண்டு. நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். வகுப்பில் எழுந்து பாடம் வாசித்தால் என் தமிழில் தெலுங்கு வாடை அடிக்கும். பையன்கள் என்னை "ஏமிரா" என்று கூப்பிடுவார்கள், தெலுங்கில் என்னடா என்று அர்த்தம். வாத்தியாரும் ஒரு நாள் அப்படியே கூப்பிட்டார். வகுப்பே சிரித்தது. மறுநாள் நான் பள்ளிக்குப் போகவில்லை, அதற்கப்புறம் போகவே இல்லை. ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு கடத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு கடை போட்டேன். கடையில் நாள் முழுக்க ரேடியோ பேசும். செய்தி வாசிக்கிறவருடைய தமிழைக் கேட்டு, என் மகள் இப்படிப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அவளை யாரும் ஏமிரா என்று கூப்பிடக் கூடாது. எனக்கு வேறு ஆசை இல்லை.

டீச்சர் கதை சொல்லுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரில் கதை கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு வரி சொன்னால் ஒரு உம். உம் நின்றால் கேட்கிறவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். இந்த டீச்சர் உம் கொட்டினால்கூட விடமாட்டார். ஒரு ஆட்டுக்குட்டி சந்தைக்குக் கிளம்பியது என்று ஆரம்பிப்பார். உம். போகிற வழியில் என்னத்தைப் பார்த்தது என்று கேட்பார். பிள்ளைகள் சொன்னால்தான் ஆடு அடுத்த அடி எடுத்து வைக்கும். ஒருவன் லாரி என்பான், ஒருத்தி பாம்பு என்பாள், இன்னொருவன் எங்க மாமா என்பான். மாமா என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்பார். வாய் திறக்காத பிள்ளை ஒன்று இருந்தால் அதன் முன்னால் போய்க் குந்திக்கொள்வார். மற்றப் பிள்ளைகளும் காத்திருக்கப் பழகியிருந்தன. அந்த ஆடு ஒரு வருஷமாக நடந்தது, சந்தைக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரு நாள் மகளைக் கூப்பிடப் போனபோது வாசலில் நின்று கேட்டேன். அன்றைக்கு ஆடு ஒரு பள்ளத்தைத் தாண்டியிருந்தது. டீச்சர் என் மகள் முன்னால் குந்தியிருந்தார். வெகுநேரம் ஆனது. அப்புறம் என் மகள் சொன்னாள், "ஆட்டுக்குக் காலு நொப்பி."

நொப்பி என்றால் தெலுங்கில் வலி. அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது. "நொப்பியா? அப்ப இன்னைக்கு நடக்க வேணாம், வலி தீரட்டும்" என்று டீச்சர் கதையை அங்கேயே நிறுத்திவிட்டார். பிள்ளைகள் எல்லாம் ஆட்டுக்குக் கால் பிடித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. பாதி தமிழ், பாதி தெலுங்கு. இப்படிப் பேசினால் இவளும் ஒன்பதாவதோடு நின்றுவிடுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பால்வாடிக்குக் கதைப்பெட்டி வந்தது. ஏதோ ஒரு திட்டத்தில் கொடுத்தார்கள். நீங்கள் கேசட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மெல்லிய நாடா. அந்த நாடாவில் குரல் பதிந்திருக்கும். டேப் ரெக்கார்டர் என்ற பெட்டிக்குள் அதைப் போட்டுப் பட்டனை அமுக்கினால் பேசும். பெட்டியோடு நாலு கேசட், இருபது கதை. கதைக்குப் பத்துப் படப் புத்தகம், இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று. மெட்ராஸ்காரப் பெண் ஒருத்தி கதை வாசிப்பாள். அப்படி ஒரு தெளிவு, அப்படி ஒரு இனிமை. ஒரு பக்கம் முடிந்ததும் டிங் என்று மணி அடிக்கும். பிள்ளைகள் பக்கத்தைத் திருப்ப வேண்டும். பால்வாடியில் கரண்ட் கிடையாது. ஆறு பேட்டரிக் கட்டையில் ஓடும். பேட்டரி தீர்ந்தால் குரல் இழுத்து இழுத்து நின்றுவிடும், நான் கடையிலிருந்து புதுசு கொண்டுபோய்ப் போடுவேன்.

முதல் நாள் நானே போய் ஓட்டிக் காட்டினேன். என் மகள் பெட்டிக்கு ஒட்டி உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டாள். என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

டீச்சர் அந்தப் பெட்டியையும் தன் வழிக்கே கொண்டுவந்துவிட்டார். அதில் பாஸ் என்று ஒரு பட்டன் உண்டு. ஓடுகிற பேச்சை நடுவில் பிடித்து நிறுத்தி வைக்கிற பட்டன். மெட்ராஸ் குரல் ஒரு வரி சொல்லும், டீச்சர் பாஸை அமுக்குவார். யானை எங்கே போகிறது? ஏன் போகிறது? உங்க அப்பா அங்க போயிருக்காரா? எல்லாப் பிள்ளையும் வாய் திறந்த பிறகு பட்டனை விடுவார். அடுத்த வரி. மறுபடி பாஸ். முதல் கதை முடியவே மூன்று வாரம் ஆனது. மாதம் ஒருமுறை மேற்பார்வைக்கு ஒரு அம்மா வருவார். அவரிடம் ஒரு படிவம் இருக்கும், எத்தனை கதை ஓட்டினீர்கள் என்று அதில் கட்டம். மற்ற ஊரில் எல்லாம் இருபது போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒன்று.

மேற்பார்வை அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மேலே ஒருவர் கேட்கிறார், அவருக்கும் மேலே இன்னொருவர் கேட்கிறார்.

பாஸ் பட்டன் இரண்டு தடவை தேய்ந்து வேலை செய்யாமல் போனது. இரண்டாவது தடவை மேற்பார்வை அம்மாவே பெட்டியைத் துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். புலம்பினார். இந்த ஒரு பட்டன் மட்டும் இல்லாமல் இருந்தால் இந்தப் பிள்ளைகளும் இருபது கதையும் கேட்டிருக்கும் என்றார். அவர் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். கழற்று என்று சொல்லவில்லை. அவர் போன பிறகு நான் பெட்டியைத் திறந்தேன். பாஸ் பட்டனுக்கு அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு தகடு இருக்கும். புதுசு போட்டால் சரியாகிவிடும். என்னிடம் புதுசு இருந்தது. நான் பழைய தகட்டையும் எடுத்துவிட்டு மூடினேன்.

சாயங்காலம் டீச்சர் பெட்டியை வாங்க வந்தார். பாஸ் போய்விட்டது, அந்தச் சாமான் இனிமேல் கிடைக்காது என்றேன். அதோடு விட்டிருந்தால்கூட அவர் ஸ்டாப் பட்டனை வைத்துச் சமாளித்திருப்பார். அது எனக்குத் தெரியும். அதனால் இன்னொன்றும் சொன்னேன். ஓடும்போது நடுவில் ஸ்டாப்பை அமுக்கினால் நாடா சிக்கிக்கொள்ளும், கேசட் போய்விடும், நாடா கடைசிவரை ஓடி முடிந்தால் அதுவாகவே நிற்கும் என்று.

அவர் கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தார். "அதுவா நிக்கறவரைக்கும் நம்மளால நிறுத்தவே முடியாதுங்களா அண்ணா?"

கேட்டுவிட்டு நின்றார்.

"முடியாதுங்க டீச்சர்" என்றேன்.

அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பதிலுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பார், வந்த பதில் பொய்யாக இருக்குமோ என்று மட்டும் யோசிக்க மாட்டார். நான் ஒரு மெக்கானிக், அவர் பிள்ளைகளில் ஒருத்திக்குத் தகப்பன். நான் ஏன் பொய் சொல்லப்போகிறேன்?

பெட்டி ஓடும்போதே பிள்ளைகளோடு பேசிப் பார்த்தாராம். பால்வாடி ஆயா சொன்னார். டீச்சர் ஒரு கேள்வி கேட்பார், பிள்ளைகள் திரும்புவார்கள், அதற்குள் மணி அடித்துவிடும். பக்கம் தப்பிவிடும். குரல் ஆற்றைப் பற்றிச் சொல்லும், புத்தகத்தில் இன்னும் காடு இருக்கும். பிள்ளைகள் அழும். பத்து நாள் இப்படிப் போயிருக்கிறது. அதற்கப்புறம் பிள்ளைகளே வாயில் விரல் வைத்து அவரை அடக்க ஆரம்பித்தார்களாம், "உஷ், டீச்சர், மணி அடிக்கப்போவுது" என்று. அவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். படிவத்தில் இருபது என்று எழுதினார்கள்.

ஆறு மாதத்தில் என் மகளுக்கு இருபது கதையும் மனப்பாடம். அதே குரல், அதே இழுப்பு. மணி அடிக்கிற இடத்தில் டிங் என்பாள். நான் அவளைக் கடை மேசைமேல் நிறுத்திச் சொல்லச் சொல்வேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கூடிவிடுவார்கள். "ஏய், ரேடியோக்காரன் பொண்ணு ரேடியோ மாதிரியே பேசுதுப்பா" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. என்னைத் தெலுங்கில் நாயனா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தவள், கதையில் வருகிற குழந்தை மாதிரி அப்பா என்று கூப்பிட்டாள். அதற்கும் பெருமைப்பட்டேன்.

முதலில் கவனித்தது என் மனைவிதான். இவள் கதை சொல்கிறாள், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை என்றாள். இட்லி வேண்டுமா, தோசை வேண்டுமா என்று கேட்டால் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மேலே நாம் ஏதோ சொல்வோம் என்று காத்திருக்கிறாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. குழந்தைக்குக் கூச்சம் என்றேன்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள் தலையணையில் சீழ்க் கறை இருந்தது. அவளுடைய இடது காதிலிருந்து வந்திருந்தது. தொட்டால் உடம்பு கொதித்தது. எத்தனை நாளாக வலித்ததோ தெரியாது. அவள் சொல்லவில்லை. அழக்கூட இல்லை. பஸ்ஸில் தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் நல்ல மனிதர், அவளை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை நாளாக வலிக்கிறது பாப்பா என்று கேட்டார். அவள் டாக்டர் வாயையே பார்த்தாள். அடுத்த வரிக்காக. என் மனைவி அப்போது தெலுங்கில் ஒன்று சொன்னாள். ஆட்டுக்குக் கால் நொப்பி என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, தன் காதுக்குச் சொல்லவில்லையே என்றாள். டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

காது பாதிக்குமேல் போய்விட்டது. இந்தக் காது முதலிலிருந்தே மந்தமாக இருந்திருக்கலாம், பேசுவதற்கு நாளானது அதனால்கூட இருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு கேசட்டினால் பிள்ளை இப்படி ஆகுமா என்று யாராவது கேட்டால் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் படித்தவன் இல்லை. ஆனால் டாக்டர் சொன்னது உண்மை என்றால் அது இன்னும் மோசம். சரியாகக் காது கேட்காத குழந்தை முன்னால் குந்தி உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசி, பதில் வரும்வரை காத்திருந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரை நான் ஒரு தகட்டைக் கழற்றி வாயடைத்துவிட்டேன்.

இப்போது போனிலேயே கதைப் புத்தகம் வருகிறது. என் பேத்தி வைத்திருக்கிறாள். படத்தைத் தொட்டால் யானை என்கிறது, வரி ஓட ஓட எழுத்து நிறம் மாறுகிறது, பக்கம் தானாகத் திரும்புகிறது. மணிகூட உண்டு. நான் அதைக் குறை சொல்லவில்லை. குறை சொல்ல நான் யார்? பேத்தியின் அம்மா, அதாவது என் மகள், பக்கத்தில் உட்கார்ந்து அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் பள்ளியில் மனப்பாடப் பகுதிக்கு எப்போதும் முழு மார்க் வாங்கினாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஒரு குறை சொன்னதில்லை. எப்படி இருக்கிறாய் என்றால் நல்லா இருக்கேன்ப்பா என்பாள். அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டு நிற்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

டீச்சர் இன்னொரு தடவை என் கடைக்கு வந்ததையும் சொல்ல வேண்டும். மகளுக்குக் காது போய் ஒரு மாதம் இருக்கும். பெட்டியில் மோட்டார் கெட்டுப்போயிருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்ததால் தர்மபுரியில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். அந்த மெக்கானிக் சரிசெய்துவிட்டு, பாஸ் தகட்டை யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள், அது எங்கேயும் கிடைக்கும், ஸ்டாப்பை எப்போது அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார்.

காலை பத்து மணி. கடையில் கூட்டம். டீச்சர் பெட்டியை மேசைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை.

"எதுக்குங்க அண்ணா அப்படிப் பண்ணீங்க?"

கேட்டுவிட்டு நின்றார்.

நான் ஒரு ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். பதில் எனக்குத் தெரியும். என்னை ஏமிரா என்று கூப்பிட்டார்கள் டீச்சர், என் பெண்ணை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று பண்ணினேன். இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் அவர் திட்டியிருக்கமாட்டார். அவர் பஸ் வந்தது, போனது. ஒருவர் பேட்டரி வாங்கிக்கொண்டு போனார். இன்னொருவர் டீச்சரைப் பார்த்து, "என்ன, கொக்கு இன்னைக்கு இங்க நிக்குது?" என்று என் காதில் சொன்னார். நான் கையில் இருந்த ஒயருக்குச் சூடு வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அடுத்த பஸ்ஸும் வந்து போனது. வெயில் கடைக்குள் வந்து அவர் காலில் விழுந்தது.

கடைசியில் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். பதில் வாங்காமல் அவர் ஓரிடத்தை விட்டுப் போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. ஒரு புதுத் தகட்டையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு பால்வாடிக்குப் போனேன். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை என் பக்கம் நகர்த்திவைத்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிஷ வேலை. மாட்டிவிட்டு, இப்போது அமுக்கிப் பாருங்கள் என்று சொன்னேன்.

அவருக்கு அமுக்க மனம் இல்லை. "பசங்களுக்குப் பழகிருச்சுங்க" என்றார். நான் கெஞ்சினேன். அப்புறம் கேசட்டை ஓடவிட்டார். பிள்ளைகள் புத்தகத்தைப் பிரித்துப் பக்கத்தின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டார்கள். குரல் இரண்டு வரி பேசியது. ஒரு குரங்கு மரத்தின்மேல் உட்கார்ந்து கீழே பார்க்கிறது. டீச்சர் பாஸை அமுக்கினார்.

குரல் நின்றது. அவர் எழுந்து வந்து என் மகள் முன்னால் குந்தினார். வலது காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "கொரங்கு கீழ என்னத்தக் கண்ணு பாக்குது?"

பழைய மாதிரியே காத்திருந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். சொல்லும்மா என்று கத்த வேண்டும் போல இருந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்காமலே எனக்குக் கையைக் காட்டினார், பேசாதே என்று. கொட்டகையில் ஆயா கஞ்சி கிளறுகிற சத்தம் கேட்டது. ஒரு பிள்ளைகூட அசையவில்லை. எல்லாரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மனதுக்குள் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று கணக்கில்லை. தமிழில் வேண்டாம், தெலுங்கில் சொல்லட்டும், எந்த மொழியிலாவது சொல்லட்டும், மரம் என்றோ, நாய் என்றோ, தெரியாது என்றோ, ஒரு சொல்.

என் மகள் மெல்ல நிமிர்ந்து டீச்சர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு டீச்சர்மேல் இரக்கம் மாதிரி இருந்தது.

"பேட்டரி தீந்துபோச்சு டீச்சர்" என்றாள்.

டீச்சர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தார். பிறகு அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்து போய்ப் பட்டனை விட்டார். குரல் விட்ட இடத்திலிருந்து பேசியது. மணி அடித்தது. பத்துப் புத்தகங்களும் ஒரே நேரத்தில் திரும்பின.